நிலம் தெரியாத நாற்காலிகள்

படங்களுக்குச் சான்று கொடுக்கிற காட்சித் தகுதி மன்றத்தின் கீழ்த்தளத்தில் பெரியவர்கள் உட்காரும்படி ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அது குழந்தைப் படப் பிரிவு. குழந்தைகளின் படத்தைக் குழந்தைகளின் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று எப்போதோ ஒரு தலைவர் மேடையில் பேசிவிட்டார். கைதட்டல் ஓய்வதற்குள் அது விதியாகிவிட்டது. அன்றிலிருந்து, பேரன் பேத்தி எடுத்த உறுப்பினர்கள் பாலர் பள்ளி நாற்காலிகளில், முழங்கால் காதைத் தொட, குந்தியிருந்து படம் பார்க்கிறார்கள்.

நாற்காலியை மாற்றியவர்கள் மேஜையை மாற்றவில்லை. மேஜைக்காக யாரும் மேடையில் பேசவில்லை. ஆகவே உறுப்பினர்களின் மோவாய் உயரத்துக்கு எதிரே ஒரு நீண்ட மேஜை, அதன்மேல் வரிசையாகப் பித்தளைப் பதவிப் பலகைகள், அதற்கு அப்பால் திரை. திரையின் அடிப்பாகம் யாருக்கும் தெரியாது. அந்த அறையில் எந்தக் கதாநாயகனின் காலையும் எவரும் பார்த்ததில்லை. நடனப் படங்களைக்கூட இடுப்புக்கு மேலே பார்த்தே தகுதி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை.

இந்த அறைக்குத்தான் ஒரு காலையில் கத்திக்காரர் வந்து சேர்ந்தார்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். எறும்பு வரிசை குறுக்கே போனால் அது முடியும்வரை காத்து நிற்கிற மனிதர். அவர் வேலை பார்த்த வரைகூடத்தில் ஒரு அனிமேஷன் படம் எடுத்தார்கள். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு வரைந்தார்கள். குதிரைக்கு ஒருவர், புகைக்கு ஒருவர், தாடிக்கு ஒருவர், நிழல்களுக்கு ஒரு பெண். இவர் பங்குக்கு வந்தது வாள். ஆறு வருடம் வாளைத் தவிர வேறொன்றும் வரையாததால் எல்லோருக்கும் அவர் கத்திக்காரர் ஆனார். கடைக்குப் போனால் வெள்ளரிக்காயில்கூடக் கைப்பிடி எங்கே என்று தேடுகிற நிலைமை வந்துவிட்டது.

படம் பெரியவர்களுக்கானது. ஒரு மந்திரவாதி ஒரு நகரத்தின் குரல்களையெல்லாம் பறித்து ஜாடிகளில் அடைத்து வைத்திருக்கிறான். சந்தையில் பேரம் இல்லை. பிள்ளை பெறுகிறவள் கத்துவதில்லை. சாவு வீட்டில் வாய்கள் திறந்திருக்கின்றன, சத்தம் இல்லை. எப்போதோ வாளை வீசி எறிந்துவிட்டு ஒதுங்கிப் போன ஒரு கிழவி திரும்பி வருகிறாள். வழியெல்லாம் குடிக்கிறாள், திட்டுகிறாள், தலைகளை உருட்டுகிறாள். கடைசியில் ஒரே வீச்சில் மந்திரவாதியின் தலை போகிறது. ஜாடிகள் உடைகின்றன. குரல்கள் வீடு திரும்புகின்றன. எந்தத் தாயும் தன் குழந்தையை அழைத்துப் போகிற படம் இல்லை.

அந்தக் கடைசி வெட்டுக்கு ஒரு கதை உண்டு. நெடுநாள் அது சரியாக அமையவில்லை. எப்படி வரைந்தாலும் கிழவி கொசு விரட்டுவதுபோலவே இருந்தது. கத்திக்காரரின் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஈரப் போர்வையைக் கொடியில் போடுமுன் அவள் ஒரு உதறு உதறினாள். தோளுக்கு மேல் தூக்கி, இடுப்பைத் திருப்பி, மணிக்கட்டில் ஒரு சொடுக்கு. போர்வையிலிருந்து நீர் கோடாகத் தெறித்தது. கத்திக்காரர் வாயைப் பிளந்தார். அவர் தேடிய வெட்டு அதுதான். பிறகு பல வாரம் அவள் உதற, இவர் வரைய, வீட்டில் காய்ந்த துணியையெல்லாம் மறுபடி நனைத்தார்கள்.

மன்றத்துக்குக் கிளம்பிய அன்று அவள் வாசலில் வந்து நின்றாள்.

"இத பாருங்க, எனக்குத் தோள்பட்டை இன்னும் வலிக்குது. படத்துல வேற எதை வேணா எடுத்துக்கட்டும். அந்தக் கடைசி வெட்டு என்னோடது. அதுல கை வெச்சாங்கன்னா நீங்க அங்கயே ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்துக்குங்க. வீட்டுக்கு வராதீங்க."

"அதுல ஏன் கை வைக்கப் போறாங்க?"

"உங்க மூஞ்சியப் பார்த்தா யாருக்குமே கை வைக்கத் தோணும்."

உண்மையில் போயிருக்க வேண்டியவள் இயக்குநர். அவள் ஏற்கெனவே ஒருமுறை போய், மன்றத்தைப் பற்றிய தன் கருத்தைத் தலைவரிடம் ஒரே சொல்லில் தெரிவித்துவிட்டாள். படத்தில் கிழவி இருமுறை சொல்கிற சொல் அது. அதிலிருந்து இயக்குநரை வாசல் காவலர் உள்ளே விடுவதில்லை. அதிகம் பேசாத ஆளாகப் பார்த்து அனுப்புவோம் என்று கூடத்தில் யோசித்தபோது எல்லோரும் கத்திக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் அவர் ஏறியது மேல்மாடிக்கு. அங்கேதான் பெரியவர்கள் பிரிவு. மேல்மாடி அதிகாரி நல்ல உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் படத்தைப் பார்த்தார். நிறுத்தச் சொன்னார்.

"யார் யாரு நடிச்சிருக்காங்க?"

"யாரும் நடிக்கலைங்க. எல்லாம் வரைஞ்சது."

"ஆளே இல்லையா?"

"இல்லைங்க."

"ஆளே இல்லாத படத்துக்குப் பெரியவங்க தகுதி கேக்குறீங்க. சரி, இந்தம்மா வாள் தூக்குறாங்களே, இவங்களுக்கு என்ன வயசு?"

"அறுபது தாண்டியிருக்கும்."

"இருக்கும்னா என்ன அர்த்தம்? எப்ப வரைஞ்சீங்க?"

"ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சுங்க."

"அப்ப ஆறு வயசு."

கத்திக்காரர் திரையைப் பார்த்தார். கிழவி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாயில் பல் குத்தும் குச்சியோடு உறைந்து நின்றாள். "முடியெல்லாம் நரைச்சிருக்குங்களே" என்றார்.

"என் தங்கச்சி மகனுக்குப் பள்ளிக்கூடத்துலயே நரைச்சிடுச்சு. மயிரைப் பார்த்து வயசு சொல்றதுக்கு இது என்ன மாட்டுச் சந்தையா? ஆறு வயசுப் புள்ளை கையில வாளைக் குடுத்திருக்கீங்க. குடிக்க வேற விட்டிருக்கீங்க. நியாயமா நான் உங்க மேல புகார் கொடுக்கணும்."

"இப்ப என்ன செய்யணுங்க?"

"இன்னும் பன்னெண்டு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. பதினெட்டு முடிஞ்சிருக்கும், நானே பார்த்துக் கையெழுத்துப் போடுறேன். அவசரம்னா கீழ போங்க."

அவசரம்தான். கத்திக்காரர் கீழே வந்தார்.

கீழ்த்தளத்தில் எல்லோரும் எல்லோரிடமும் குழந்தைகளிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். அதுவும் விதி. தலைவர் தன் சின்ன நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முயன்று, முடியாமல், கையை மட்டும் நீட்டினார்.

"வா கண்ணு, வா. படம் கொண்டு வந்திருக்கியா? சமத்து. உக்காரு."

கத்திக்காரருக்கு ஒரு மஞ்சள் நாற்காலி கிடைத்தது. முதுகில் முயல் படம் போட்டிருந்தது. உட்கார்ந்ததும் மேஜை எழுந்து மறைத்தது. திரையில் கிழவி மார்பளவு ஆற்றைக் கடப்பதுபோலத் தெரிந்தாள். பாலைவனக் காட்சி அது.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், மந்திரவாதி குரல்களைப் பறிக்கிற மந்திரத்தைச் சொன்னதும், ஓரத்திலிருந்த மந்திரப் பரிசோதகர் கையை உயர்த்தினார். படங்களில் வரும் மந்திரங்களைச் சோதிப்பது அவர் பொறுப்பு. பல வருடங்களாக வேலையில்லாமல் இருந்தவர், மந்திரம் உள்ள படம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவசரமாக முகச்சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"இந்த மந்திரம் பலிக்குமா கண்ணு?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. வசனம் எழுதினவர் சும்மா வாய்க்கு வந்ததை எழுதினாரு."

"வாய்க்கு வந்ததுதான் பலிக்கும்" என்ற பரிசோதகர், எழுந்து நின்று, கண்ணை மூடி, மந்திரத்தை முழுதாகச் சொன்னார். பிறகு உட்கார்ந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

மந்திரம் பலித்திருந்தால் யாராலும் பேச முடியாது. பலிக்கவில்லை என்று தெரிய வேண்டுமானால் யாராவது பேச வேண்டும். பேசினால் அது அவருடைய கருத்தாகிவிடும். தலைவருக்கு முன்னால் முதலில் கருத்துச் சொல்லுகிற வழக்கம் அந்த அறையில் இல்லை. தலைவருக்கோ, உறுப்பினர்களின் மனநிலை தெரியாமல் வாயைத் திறக்கிற வழக்கம் இல்லை. ஆகவே யாரும் பேசவில்லை. டீ வந்தது. சர்க்கரை வேண்டுமா என்று கேட்டவனுக்கு விரலால் காட்டினார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் வந்து போனது. கத்திக்காரருக்குத் தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்து விழுங்கினார். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிப் போன சமயத்தில், கல்வி உறுப்பினர் அம்மாளின் நாற்காலிக் கால் ஒடிந்து, அவர் "ஐயோ" என்று கீழே போனார்.

"பலிக்கலை" என்றார் பரிசோதகர் வருத்தத்தோடு.

"அப்ப நல்லதுதானேங்க?" என்றார் கத்திக்காரர்.

"என்ன நல்லது? பலிச்சிருந்தா ஆபத்தான மந்திரம்னு நீக்கச் சொல்லியிருப்பேன். பலிக்காத மந்திரத்தைப் பலிக்கிற மாதிரி காட்டுறது பிள்ளைங்களை ஏமாத்துற வேலை. அதனால நீக்கச் சொல்றேன்."

மந்திரம் போயிற்று. அடுத்த நாள் மந்திரவாதி முறை. தலைவர் அவனைப் பற்றிப் பேசும்போது குரல் குழைந்தது.

"மந்திரவாதி, மந்திரவாதின்னு ஏன் கண்ணு திட்டுறீங்க? எனக்கு அவர் ஒரு நிர்வாகியாத்தான் தெரியறார். எத்தனை ஜாடி! ஒவ்வொண்ணுக்கும் மூடி. எதுவும் இடம் மாறல. எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு அலமாரி உண்டா, சொல்லு? ஊர் எவ்வளவு அமைதியா இருக்கு பார்த்தியா? யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவர் மேல புகார் சொல்றாங்களா?"

"அவங்களுக்குக் குரலே இல்லைங்களே."

"அதைத்தான் நானும் சொல்றேன். புகாரே இல்ல."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். கல்வி உறுப்பினர், இடுப்பில் கட்டோடு, புது நாற்காலியிலிருந்து தொடர்ந்தார். அவர் பிரச்சினை வாள்.

"தலை விழுறதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன் செல்லம். தலைன்னு இருந்தா விழத்தான் செய்யும். பிள்ளைங்களுக்கும் அது தெரியணும். ஆனா பக்கத்துலயே வாளைக் காட்டினா, வாளாலதான் தலை விழுதுங்கிற எண்ணம் வந்துடும். அப்புறம் வாள் யார் கையில இருக்குன்னு பார்ப்பாங்க. அங்கதான் கெடுதலே ஆரம்பிக்குது. யார் வெட்டினாங்கன்னு தெரியலைன்னா அது வன்முறை இல்ல. சம்பவம்."

"சம்பவம்" என்றார் தலைவர், வெல்லம் கடித்தவர்போல. "அருமையான வார்த்தை. வாளையெல்லாம் எடுத்துட்டு வா கண்ணு. வாளை மட்டும் எடு. வேற ஒண்ணையும் தொடக்கூடாது. தொட்டா அது புதுப் படம். புதுப் படம்னா மறுபடி மேல்மாடியிலிருந்துதான் வரணும்."

ஆறு வருடம் வரைந்ததைக் கத்திக்காரர் அழிக்க உட்கார்ந்தார். வரைந்தவரே அழித்தால்தான் சுத்தமாக இருக்கும் என்று கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வளைந்த வாள், நேர்வாள், துருவேறியது, பிடியில் பாம்பு சுற்றியது என ஒவ்வொன்றாகப் போயின. வெறுங்கையை ஓங்கிக்கொண்டு குதிரைப்படைகள் மோதின. பேருந்தை நிறுத்தக் கை காட்டுவதுபோல ஒருவரையொருவர் பார்த்துக் கை வீசினார்கள். உடனே தலைகள் தாமாகக் கழன்று விழுந்தன.

நிழல் வரைகிற பெண் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"அண்ணே, கையில கத்தி இல்ல. தரையில நிழல்ல கத்தி இருக்கே. அதையும் எடுத்துடவா?"

"வேற ஒண்ணையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

"பார்க்கிறவங்க சிரிப்பாங்கண்ணே."

"சிரிச்சிட்டுப் போகட்டும். என்னால மறுபடி மேல்மாடி ஏற முடியாது. அந்த ஆளு இந்தத் தடவை என் வயசைக் கேப்பாரு."

மீண்டும் கீழ்த்தளம். முயல் நாற்காலி. கத்திக்காரர் நிழலைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. நிழல் விழுவதற்குத் தரை வேண்டும். தரைதான் அந்த அறையில் தெரிவதில்லையே. தலைகள் மேஜைக்குப் பின்னால் போய் விழுந்தன. உறுப்பினர்கள் "சம்பவம், சம்பவம்" என்று திருப்தியோடு குறித்துக்கொண்டார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. கிழவி வெறுங்கைகளைத் தோளுக்கு மேல் தூக்கினாள்.

"நிறுத்து" என்றார் தலைவர்.

கத்திக்காரர் முயல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"இதைச் சம்பவம்னு சொல்ல முடியாது கண்ணு. முகத்துல கோபம் இருக்கு. ஒரு நிர்வாகி முன்னால நின்னு இந்தக் கிழவி கையை ஓங்கலாமா? மாத்திடு. இவ வந்து கும்பிடட்டும். அவரும் மனசு இளகி, கருணை அடிப்படையில ஒரு ஜாடியை, ஒரே ஒரு ஜாடியை, லேசாத் திறந்து விடட்டும். பிள்ளைங்களுக்கு எவ்வளவு நல்ல பாடம்!"

"கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்றார் கல்வி உறுப்பினர்.

கத்திக்காரருக்குக் கண் முன்னால் வாசல் தெரிந்தது, அதில் மனைவி தெரிந்தாள். மந்திரம் போனபோது அவர் வாயைத் திறக்கவில்லை. வாள் போனபோதும் திறக்கவில்லை. இப்போது எதைச் சொல்வது என்று தெரியாமல் உண்மையைச் சொன்னார்.

"அது வந்து... அது போர்வைங்க."

"என்ன?"

"ஈரப் போர்வைங்க. என் வீட்டுக்காரி துணி காயப்போடுறப்ப உதறுவா. அதைப் பார்த்துத்தான் வரைஞ்சோம். இப்படி." முயல் நாற்காலியிலிருந்து எழுந்து, வெறுங்கையைத் தோளுக்கு மேல் தூக்கி, இடுப்பைத் திருப்பி, மணிக்கட்டைச் சொடுக்கினார்.

அறை யோசித்தது.

"இன்னொரு தடவை செய்" என்றார் கல்வி உறுப்பினர். கத்திக்காரர் செய்தார். அம்மாள் கட்டுப் போட்ட இடுப்போடு உட்கார்ந்தபடியே செய்து பார்த்தார். "ஆமா. இப்படி உதறினா சுருக்கமே விழாது. கோபம் இல்ல தலைவரே, ஈரப் போர்வை கனம். எனக்குமே முகம் இப்படித்தான் ஆகும்."

"அப்ப இது வீட்டு வேலை" என்றார் தலைவர்.

"சுத்தமான வீட்டு வேலை. பிள்ளைங்க பார்த்துக் கத்துக்கணும்."

"சரி, அவர் தலை ஏன் விழுது?"

கல்வி உறுப்பினர் திரையை உற்றுப் பார்த்தார்.

"வயசாச்சில்ல" என்றார்.

தலைவர் ஒருகணம் கண்ணை மூடி மந்திரவாதிக்கு மௌன அஞ்சலி செலுத்தினார். பிறகு முத்திரை விழுந்தது. படம் குழந்தைகளுக்கு உகந்தது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. குழந்தைப் படத்துக்குப் பெரியவர்கள் தனியாகப் போக முடியாது. குழந்தையோடு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். படம் வெளியான நாளில் தியேட்டர் வாசலில், ஆறு வருடம் காத்திருந்த கூட்டமெல்லாம் யாருடைய குழந்தையையாவது இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது. புகை வரைந்தவர் மைத்துனியின் இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு வந்து, ஒன்றை இயக்குநருக்குக் கொடுத்திருந்தார். கத்திக்காரரின் மகள் கல்யாணமாகித் தூர தேசத்தில் இருந்தாள். மனைவி மேல்வீட்டுக் கைக்குழந்தையை வாங்கி வந்திருந்தாள்.

"பால் குடிச்சிருக்கு, தூங்கிடும்" என்றாள். "என் வெட்டு இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா..."

"என்ன ஆனா?"

"பாரேன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுச் சாவி அவள் முந்தானையில் முடிந்திருந்தது.

இரண்டு வரிசை முன்னால் தலைவர் உட்கார்ந்திருந்தார், மடியில் பேத்தியோடு. மன்றத்தின் சாதனையை மக்களோடு சேர்ந்து பார்க்க வந்திருப்பதாக இடைவேளையில் மைக் பிடித்துச் சொல்லவும் ஏற்பாடாகியிருந்தது. அகலமான மெத்தை நாற்காலி. முழங்கால் முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. முன்னால் மேஜை இல்லை.

விளக்கு அணைந்தது. பாலைவனம் வந்தது, மணலோடு. கிழவிக்குக் கால்கள் இருந்தன. அவள் காலடியிலிருந்து நீண்டு கிடந்த நிழல், வெறுங்கைக்கு நேரே, ஒரு ஆள் நீள வாளைப் பிடித்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தியேட்டரே திரையில் தெரிந்த தரையைப் பார்த்தது. மேலே வெறுங்கைகள் காற்றில் அலைய, கீழே நிழல் வாளும் நிழல் வாளும் மோதின. எந்தக் கை எந்தத் தலையை எடுத்தது என்று மணலில் கறுப்பாக எழுதிக் காட்டியதுபோல இருந்தது. கத்திக்காரர் தன் வாள்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டார். வளைந்தது. நேர்வாள். பாம்புப் பிடி.

தலைவர் முன்னால் சாய்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய பணிக்காலத்திலேயே முதல்முறையாக ஒரு படத்தின் தரையைப் பார்க்கிறார். வேறு எத்தனை படங்களில் எத்தனை தரைகள் இருந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, இடைவேளையில் மைக்கை வாங்கவில்லை.

கடைசிக் காட்சியில், மந்திரவாதியின் ஜாடி அறைத் தரையெல்லாம் விளக்கு வெளிச்சம். கிழவி கையைத் தோளுக்கு மேல் தூக்கினாள். அவள் காலடியிலிருந்து தரையை நிறைத்துக்கொண்டு நிழல் வாள் நீண்டது. கத்திக்காரரின் மனைவி குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய வலது தோள், தெரியாமல், லேசாக உயர்ந்தது.

அப்போது தலைவர் எழுந்துவிட்டார். பேத்தியைக் கீழே இறக்கிவிட்டு, திரைக்கு முதுகு காட்டி நின்று, படத்தை மறைக்க இரண்டு கைகளையும் விரித்தார்.

இடுப்பு திரும்பியது. மணிக்கட்டு சொடுக்கியது. தலை போனது. ஜாடிகள் உடைந்தன. ஆறு வருடமாகக் கூடத்தில் எல்லோரும் காத்திருந்த அந்தச் சத்தம் வந்தது. ஒரு நகரம் முழுதும் ஒரே நேரத்தில் தன் குரலைத் திரும்பப் பெறுகிற சத்தம். பேரம் பேசுகிறவர்கள், பிள்ளை பெறுகிறவள், அழுகிறவர்கள், வசை பாடுகிறவர்கள். அதைக் கேட்டுத் தியேட்டரில் இரவல் வாங்கிய குழந்தைகளெல்லாம் விழித்துக்கொண்டு வீறிட்டன. பெரியவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். இயக்குநர் தன் பங்குக்கு வந்த இரட்டையில் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைக் கத்தினாள்.

தலைவரும் ஏதோ கத்தினார். நிறுத்தச் சொன்னார்போலும். வாய் அகலமாகத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு எழுத்துகூட யாருக்கும் கேட்கவில்லை.

கத்திக்காரரின் மனைவி அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாருங்க அந்த ஆளு? பாவம், தொண்டை கட்டிடுச்சா?"

"அவருதான் தலைவர்."

"ஓ" என்றாள். அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல அவளிடம் இருந்தது அவ்வளவுதான். குழந்தையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள்.

"சரி, வாங்க. வீட்டுக்குப் போலாம்."